ஃபோர்மட் அடிக்க முதல் ஒரு தடவை பாருங்கள்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை ஐசிடி படிப்பிக்கும் எங்களுக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான்: "சேர், ஒண்டுமே திறக்கல்ல. ஆனாலும் ஃபேன் இரையுது, லெப்டொப் சுடுது."

கடைக்குக் கொண்டு போனால் ஃபோர்மட் அடிக்க வேண்டும் என்பார்கள், அல்லது ரேம் கூட்டச் சொல்வார்கள், அதுவும் இல்லையென்றால் போர்ட் போய்விட்டது என்பார்கள். அது வெளிநாட்டில் நிற்கும் உம்மா அனுப்பிய காசிலோ வெங்காயம் விற்ற காசிலோ வாங்கிய செகண்ட்ஹேண்ட் மெஷின். ஃபோர்மட் அடித்ததும் பறக்கும். பிள்ளை அதே மென்பொருள்களைத் திரும்பப் போட்டதும் பழைய கதைதான். பிள்ளையின் புரொஜெக்ட் கோப்புகளும் போய்விடும், அது வேறு.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். இப்போதுதான் ஓன் பண்ணிய மெஷின் என்றால் பத்து நிமிடம் பொறுங்கள், அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் முடியட்டும். அதற்குப் பிறகும், இரண்டு கோர் நான்கு திரெட் உள்ள ஒரு ஐ3 இல் எண் 25 வீதத்தில் அசையாமல் நின்றால், ஏதோ ஒன்று ஒரு திரெட்டை முழுதாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நாங்கள் அடிக்கடி காண்பது டொக்கர். ஜன்னலை மூடினால் அது நிற்காது. உள்ளே ஒரு லினக்ஸ் மெஷினே ஓடிக்கொண்டிருக்கும், டாஸ்க் மனேஜரில் 'விஎம்மெம்' என்ற பெயரில் தெரியும். கற்பிட்டிக் கடலில் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டுக்காரர் காசு கட்டிப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது திரையின் மூலையிலேயே நிற்கிறது, ஒருவரும் பார்ப்பதில்லை! அந்தத் திமிங்கில ஐகனில் ரைட் கிளிக் பண்ணி 'குவிட்' கொடுங்கள். ஸ்டார்ட்டப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவை மூடிய பின்னும் கிரேடில் என்ற பின்னணி வேலையாள் அடுத்த வேலைக்காக 3 மணி நேரம் வரை காத்திருப்பான். அவன் சிபியுவை விட ரேமைத்தான் பிடித்து வைத்திருப்பான்.

பிள்ளை ஏதோ பிழை செய்துவிட்டது என்று ஏச வேண்டாம். 2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டரே இப்படி மாட்டிக்கொண்டது. சும்மா திறந்து வைத்தால் 13 வீதம் சிபியு போகிறது என்று முறைப்பாடு வந்தது. காரணம், கண்சிமிட்டும் கேர்சர். செக்கனுக்கு இரண்டு தடவை மாற வேண்டியதற்காகச் செக்கனுக்கு 60 தடவை திரையை வரையும் வேலை நடந்திருக்கிறது. சிமிட்டாத கேர்சரைத் தெரிவு செய்தால் சரி. போர்ட் மாற்றிக் கிடைத்த தீர்வல்ல அது, யாரோ பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்தது.

எங்களுக்குள்ள கோபம் வேறு இடத்தில். உயர்தரப் பாடத்திட்டத்துக்குப் பைதனும், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் ஓடும் ஒரு எக்ஸாம்பும், ஒரு எடிட்டரும் போதும். யூடியூப்பைப் பார்த்துவிட்டு 4 ஜிபி ரேமில் டொக்கரும் எமியூலேட்டரும் போட வைப்பது யாருக்காக? இன்ஸ்டோல் பண்ணச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எது ஓடுகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுப்பவர் குறைவு. லேப் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் பாடத்திட்டம் ஒன்றும் பிந்திவிடாது.

எல்லாம் மென்பொருள்தான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து மணலும் உப்புக் காற்றும் ஃபேனைச் சும்மா விடாது. டாஸ்க் மனேஜரில் ஒன்றும் தின்னாமல் இருந்தும் மெஷின் சுடுகிறதென்றால் கழற்றித் துப்பரவாக்கத்தான் வேண்டும், அதற்குக் கடைக்காரர்தான் தேவை. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையம் பக்கத்திலேயே இருந்தும் 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். அப்படியான ஒரு இரவில், தேவையில்லாத ஒரு மென்பொருள் தின்னும் பெட்டரி பிள்ளை படிக்கிற நேரத்திலிருந்துதான் போகிறது.

லெப்டொப்பைக் கடைக்கு எடுத்துப் போக நினைத்திருக்கும் பெற்றோர், முதலில் உங்கள் பாடசாலை ஐசிடி ஆசிரியரிடம் காட்டுங்கள். காசு வேண்டாம். சார்ஜரை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.