என் கையால் எழுதவைத்த கடிதம்

என்னை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லையாம். நானாகத்தான் போனேனாம். கம்பெனிக் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று என் கையெழுத்தோடு ஒரு தாள். அந்த வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தது யார், அப்போது என் பிள்ளை வயிற்றில் எத்தனை மாதம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியா வரும்மா. இல்லேன்னா பர்ஃபார்மன்ஸ் சரியில்லன்னு போட வேண்டியிருக்கும். அப்புறம் எங்க போனாலும் கஷ்டம்." எச்.ஆர். மேடம் இதைச் சொன்னபோது குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்கு முன் என் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. டாக்டர் சீட்டைக் கொடுத்துப் பேறுகால விடுப்பு கேட்ட பிறகுதான் குறைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

சட்டம் இருக்கிறதே என்கிறார்கள் எல்லோரும். இருக்கிறது. அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டேன். எனக்கு இது நடந்தபோது இருந்தது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம். பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்த விடுப்பில் இருப்பவளை நீக்கினால் செல்லாது. கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மீறினால் 3 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் இத்தனையும் நீக்கினால்தானே! நீக்கியதற்கு ஓர் ஆணை வேண்டுமே! என்னைப் போன்றவளிடம் ஆணையா கொடுக்கிறார்கள்? வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுக்கிறார்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம், உண்மைதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த பேச்சுக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்? எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அவர்கள் ஆட்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நீக்கப்பட்டவள் மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டம் கொடுத்த கெடு 60 நாள். ஏழாம் மாதத்தில் வெளியே தள்ளப்பட்டவளுக்கு அறுபதாவது நாள் எங்கே வந்து விழும்? பிரசவ வார்டில்! போட்ட தையல் ஆறாமல், பால் கட்டிய மார்போடு, எந்த அதிகாரியின் வாசலில் போய் அவள் மனு நீட்டுவாள்? இந்த நாள் கணக்கைப் போட்டவர்கள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா?

தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்றார் ஒரு வக்கீல். உடனே, "உங்க பதவி என்னம்மா?" என்றார். அசிஸ்டென்ட் மேனேஜர். சம்பள உயர்வு கேட்டபோது அதற்குப் பதிலாகக் கொடுத்த பட்டம் அது. மேலாளர் வேலை பார்ப்பவர் அப்போது இருந்த தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளியே அல்ல. பட்டத்தை அல்ல, பார்த்த வேலையைத்தான் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும் என்று வக்கீலே ஆறுதலும் சொன்னார். ஆனால் காலமெல்லாம் பில் சரிபார்த்தவள்தான் நான் என்று நிரூபிப்பதற்குள் என் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

இந்த நாட்டில் பெண்கள் போராடாமலா இருந்தார்கள்? முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற ஏர் இந்தியா விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. அது இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்றது. எல்.ஐ.சி. தன் படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டது. அங்கே வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர் அதில் பொய் சொன்னார் என்று, பேறுகால விடுப்புக்குப் பிறகு அவரை நீக்கியது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. படிவத்திலிருந்து போன கேள்வி இன்டர்வியூ அறைக்கு வந்துவிட்டது. "கல்யாணம் ஆச்சா? குழந்தை எப்போ?"

முதலாளிக்கு ஏன் கர்ப்பிணியைக் கண்டால் கசக்கிறது என்றும் எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும். அதைத் தாண்டிவிட்டால் 26 வாரச் சம்பளமும் கம்பெனியின் தலையில். அந்தச் செலவைத் தனி முதலாளியின் மேல் போடாமல் சமூகக் காப்பீடோ அரசோ ஏற்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. மிச்சம் பிடித்தது அரசு, வேலை இழந்தது நான்.

வயிற்றில் பிள்ளையோடு இதைப் படிக்கிறவள் யாராவது இருந்தால், தங்கச்சி, எதிலும் கையெழுத்துப் போடாதே. கூப்பிட்டு மிரட்டினால் அன்றைக்கே நடந்ததை எழுதி அவர்களுக்கே மெயில் அனுப்பு, தேதியோடு நிற்கும். விடுப்பையும் எழுத்தில் கேள். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். 15100க்குப் போன் செய்.

2025 நவம்பரில் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. வாரம் அதே 26. கர்ப்பிணியிடம் எழுதி வாங்கும் ராஜினாமாவைப் பற்றி அதன் பேறுகாலப் பகுதியிலும் ஒரு வரி இல்லை. இத்தாலியில் கர்ப்பிணி கொடுக்கும் ராஜினாமா, தொழிலாளர் ஆய்வுத் துறை உறுதிசெய்யும் வரை செல்லாது. குழந்தைக்கு மூன்று வயதாகும் வரைக்கும் அதே விதிதான். அது இங்கே வர வேண்டும். கம்பெனி ஆட்கள் யாரும் இல்லாத அறையில், அரசாங்க அதிகாரி ஒருவர் அந்தத் தாளைக் காட்டி, "இது உன் விருப்பமாம்மா?" என்று கேட்க வேண்டும். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இல்லை என்று கத்தியிருப்பேன்.