வழியை மூடுங்கள், வாயை மூடாதீர்கள்

2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியது. பாதுகாப்பு கருதி, தற்காலிகமாக என்றார்கள். என்ன ஆபத்து, எத்தனை மணி நேரம் என்று அறிவிப்பில் இல்லை. சற்று நேரத்தில், அங்கே அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் விமானப்படைத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் பாய்ந்தன. பஹ்ரைனும் குவைத்தும் வானத்தை மூடின. ஏர் இந்தியா வளைகுடாச் சேவைகளை நிறுத்தியது. பாதி வழி போன விமானங்கள் திரும்பி வந்தன. நள்ளிரவு தாண்டியதும் தோஹாவில் தடை நீங்கிவிட்டது. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட பயணிகளின் அவதி அந்த இரவோடு முடியவில்லை.

வளைகுடா விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் யார்? விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் கொத்தனார், ஓட்டுநர், வீட்டுவேலைக்குப் போகும் அக்கா. கயிறு சுற்றி, கொட்டை எழுத்தில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருக்கும். கம்பெனி சொன்ன தேதிக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். கவுன்ட்டரில் கேட்டால், "எங்களுக்கே தகவல் இல்லை சார்." டிக்கெட் போட்ட ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. ராமநாதபுரத்திலிருந்து வேன் பிடித்துச் சென்னைக்கு வந்தவர் ஊருக்குத் திரும்புவதா, அங்கேயே தரையில் படுப்பதா? அதைக்கூட முடிவு செய்ய முடியாமல் தவிக்க விடுவது என்ன நியாயம்?

மூடியது தப்பு என்று சொல்லவே இல்லை. 2014-இல் கிழக்கு உக்ரைன் மீது 32,000 அடி வரைதான் தடை போட்டிருந்தார்கள். 33,000 அடியில் பறந்த மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டார்கள். உயிரைவிட டிக்கெட் பெரிதல்ல. ராணுவ ரகசியத்தை மைக்கில் சொல்லுங்கள் என்றும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் நேரம் சொல்லலாமே! விமானிகளுக்குப் போகும் 'நோட்டாம்' அறிவிப்பில் எப்போதிலிருந்து எப்போது வரை என்று குறித்துத்தான் அனுப்புகிறார்கள். 2025 மே மாதம் இந்தியா 32 விமான நிலையங்களை மூடியபோது, மே 15 அதிகாலை 5.29 வரை என்று நிமிடச் சுத்தமாகக் கெடு இருந்தது. 12-ஆம் தேதியே திறந்தும் விட்டார்கள். கெடுவை முன்கூட்டித் தளர்த்தியதற்காக யாரும் அரசைக் குறை சொல்லவில்லை.

வான்வெளி மூடப்பட்டு விமானம் ரத்தானால் விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. அது அதன் கையை மீறியது என்கிறது நம் நாட்டு விதி. சரி, பயணியின் கையில் மட்டும் என்ன இருந்தது? வேன் வாடகையும் போன சம்பளமும் அவர் தலையில்தானே விழுகின்றன?

காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் உடனே, தமிழிலும் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு விதியில் உள்ள கெடுவையும் காப்பாற்றுங்கள். வானத்தை மூட அரசுக்கு அதிகாரம் உண்டு. கீழே காத்திருப்பவருக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.