ஐப்பசிக்குள் மாடியில் பேனல் ஏற வேண்டும்!

ஆடி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு மூன்றே மாதம். அதற்குள் நம் மொட்டை மாடியில் 30 கிலோவாட் சோலார் பேனலும், 50 யூனிட் தேக்கி வைக்கும் பேட்டரியும் ஏறியாக வேண்டும். ஆர்டர் கொடுத்து, மின்வாரிய அனுமதி வாங்கி, மீட்டர் மாற்றி முடிக்க எப்படியும் இரண்டு மாதம் ஓடிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமையையும் விட்டால் இந்த மழைக்காலமும் மெழுகுவத்தியோடுதான்.

வேளச்சேரியில் குடியிருக்கும் நமக்கு மிக்ஜாம் புயலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2023 டிசம்பர் 4. தெருவில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் நிற்கும் இடத்தில் கரண்ட் சப்ளையை நிறுத்தி வைப்பது உயிர் காக்கிற வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை நம்முடையது. ஜெனரேட்டரைத் தரையோடு தரையாக கார் பார்க்கிங்கில் வைத்தவர்கள் நாம்தானே? அன்று சாயங்காலமே அது மூழ்கிப்போனது. டீசல் கேன் மிதந்து வந்து வாட்ச்மேன் அறைக் கதவை இடித்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலை மாடித் தொட்டி காலி. சி பிளாக் நான்காம் மாடிப் பாட்டிக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். நான்கு பையன்கள் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால் விரிசல் விட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாற்காலியின் ஒரு பக்கத்தை நானும் பிடித்திருந்தேன்.

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். “பேனல் போட்டால் போதுமே, கரண்ட் போனாலும் எரியுமே, பேட்டரி எதற்கு?” என்று போன கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டீர்கள். எரியாது. சாதாரண சோலார் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருந்தால்தான் ஓடும். லைன் போன நொடியே அதுவும் நின்றுவிடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். நம் மாடிக் கரண்ட் தெருக் கம்பிக்குள் பாய்ந்தால், கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் கதி என்ன? ஆகவே வெயில் கொளுத்தும் நண்பகலில்கூட, கரண்ட் இல்லையென்றால் வெறும் பேனல் சும்மா காயும். நமக்கு வேண்டியது ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். லைன் போனதும் தெருவோடு உள்ள தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, கட்டடத்துக்குள் மட்டும் கரண்ட் கொடுப்பது அது.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலில் 30 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 120 யூனிட் தரும். புயல் நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே அதிர்ஷ்டம். ஏசி போட முடியாது, வாஷிங் மெஷின் போட முடியாது. ஆனால் நாலு பிளாக்குக்கும் 5 எச்பி மோட்டாரைத் தலா ஒரு மணி நேரம் ஓட்ட மொத்தம் 16 யூனிட் போதும். 64 வீட்டுக்கும் தண்ணீர். மிச்சத்தில் படிக்கட்டு விளக்கு, அவசரத்துக்கு ஒரு லிஃப்ட், போன் சார்ஜ், பாட்டியின் ஆக்சிஜன் மெஷின். பேட்டரி மாடி அறையில் இருக்கும், வெள்ளம் அங்கே ஏறாது.

இப்போது காசு. கையில் இருக்கும் கொட்டேஷன்படி பேனல் கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய் வீதம் 16.5 லட்சம். பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 11.5 லட்சம். ஆக 28 லட்சம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நமக்கு 5.4 லட்சம். பேட்டரிக்கு மானியம் கிடையாது. அந்தப் பணமும் வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். அதனால் முழுத் தொகையையும் முதலில் நாம்தான் திரட்ட வேண்டும். திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்ப்பஸிலிருந்து 8 லட்சம் எடுக்கிறோம். பெயின்டிங்குக்கு ஒதுக்கியதைத் தொட மாட்டோம். மீதி 20 லட்சம், வீட்டுக்கு 31,250 ரூபாய். 40 வீட்டுக்காரர்கள் மொத்தமாகக் கொடுத்தால் கார்ப்பஸோடு சேர்த்து 20.5 லட்சம் கையில் நிற்கும், வேலையைத் தொடங்கிவிடலாம். முடியாதவர்கள் மாதம் 3,125 வீதம் பத்து மாதத்தில் கொடுங்கள். யாரும் கூச்சப்பட வேண்டாம், பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படாது. மானியம் வந்ததும் நேராக கார்ப்பஸுக்குத் திரும்பும்.

நம் பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல். வீட்டு மீட்டருக்குள்ள 100 யூனிட் இலவசம் அதற்கு இல்லை. லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு 2023-ல் கிடைத்த கட்டணக் குறைப்பும் நமக்கில்லை. மோட்டாரையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பகல் வெயிலில் ஓட்டினால் வருடத்துக்கு மூன்றரை லட்சம் மிச்சமாகும். மானியம் போகப் பேனலுக்கு ஆகும் 11.1 லட்சம் மூன்று வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும். பேட்டரிக் காசு அப்படித் திரும்பாது. திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இருட்டில் கிடக்காமல் இருக்க நாம் கொடுக்கிற விலை. எனக்கு அது நியாயமான விலையாகப் படுகிறது.

கம்பெனியே காசு போட்டு மாட்டும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் கட்டினால் போதும் என்றும் ஒரு வழி இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு மாடியை எழுதிக்கொடுக்க எனக்கு மனமில்லை. வங்கிக் கடனுக்குத் தணிக்கைக் கணக்கு கேட்கிறார்கள். நம்முடையது ஒரு வருடம் பின்தங்கிக் கிடக்கிறது. தப்பு நிர்வாகக் குழுவினுடையது, என்னையும் சேர்த்து.

“எனக்கு லிஃப்டே வேண்டாம், நான் ஏன் கொடுக்கணும்?” என்கிற முதல் மாடித் தோழர்களே, உங்கள் குழாய்த் தண்ணீரும் அதே மாடித் தொட்டியிலிருந்துதான் இறங்குகிறது. வடகம் காயவைக்க இடம் போய்விடும் என்று வருந்தும் அக்காமார்களே, பேனல் நிற்கப்போவது எட்டடி உயரக் கால்களில். கிழக்குப் பக்கம் முழுக்க வெயிலுக்கே விட்டிருக்கிறோம். வர்தா புயல் போல ஒரு காற்று வந்தால் தாங்குமா என்ற கேள்வி மட்டும் நிஜமான கேள்வி. கட்டமைப்பு இன்ஜினீயரின் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்கூட இறக்க விட மாட்டோம்.

போன பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 19 பேர். தீர்மானம் நிறைவேற 43 கையெழுத்து வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் இன்றே வீட்டு உரிமையாளருக்குப் போன் போடுங்கள். வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் சம்மதக் கடிதம் அனுப்புங்கள். மற்றவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு, செத்த ஜெனரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டிருப்போம், செக் புத்தகத்தோடு வந்து சேருங்கள்.