டைல்ஸை எண்ணிப் பாருங்க!

அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 8-16 லென்ஸ் வருது. வாங்கிடட்டுமா?"

காலேஜ் முடித்துவிட்டு, தாம்பரம் பக்கம் இரண்டு மூன்று புரோக்கர்களுக்கு வீட்டு போட்டோ எடுத்துக் கொடுக்கிறான். வாடகைக்கு, விற்பனைக்கு என்று வாரத்தில் நான்கைந்து வீடு. கையில் இருப்பது கேனான் கிராப் சென்சார் கேமரா. "எவ்வளவு வைடா இருக்கோ அவ்வளவு நல்லதுதானே மாமா? ரூம் பெருசா தெரியும்ல?" என்றான்.

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். மடிப்பாக்கத்தில் அந்த வாடகை வீட்டை எடுக்கும்வரை.

இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். இரண்டாவது ரூம் பத்துக்கு ஒன்பது. "சின்னதா தெரியுதுன்னு யாரும் வர மாட்டேங்கிறாங்க, ஏதாவது பண்ணுங்க சார்" என்றார் புரோக்கர். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு ஒரு 12 மி.மீ. லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, கதவோரம் சுவரோடு ஒட்டி நின்று அடித்தேன். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடலாம் போல வந்தது படம். எனக்கே பெருமை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் அந்தப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அனுப்பி, ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டார்கள். ஆசிரியரின் அம்மா படுத்த படுக்கை. சென்னையில் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த ரூமில் அம்மாவுக்கு ஒரு கட்டில், பக்கத்தில் சக்கர நாற்காலி திரும்ப இடம், துணைக்குப் படுக்கிறவருக்கு ஒரு பாய். இதுதான் அவர்கள் கணக்கு. மொட்டை மாடியை எடுக்க விட்டுப்போனதால் அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். ரூமைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி ரூமைப் பார்த்தார். "இந்த ரூமைத்தான் போட்டோ புடிச்சியளா தம்பி?" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே சந்தேகம். "போட்டோல கொஞ்சம் பெருசாத்தான்மா தெரியும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று புரோக்கர் முந்திக்கொண்டார். கட்டிலைப் போட்டால் நாற்காலி திரும்பாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அம்மா தரையைப் பார்த்து விரலால் எண்ணினார். போன் படத்தைப் பெரிதாக்கி அதிலும் எண்ணினார். "அஞ்சு டைல்ஸ்தான் இருக்கு. போட்டோலயும் அஞ்சுதான். நாந்தான் எண்ணாம வந்துட்டேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேமரா பையை மூடினேன். டோக்கன் பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

அந்த லென்ஸ் என்ன செய்தது? ஒரு சின்னக் கணக்கு போதும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும் என்று தெரிந்துவிடும். எதிர்ச் சுவர் பத்தடி தள்ளி இருக்கிறது, அதன் அகலமும் பத்தடி என்று வையுங்கள். 24 மி.மீ. லென்ஸில் 15 அடி தெரியும். அதாவது எதிர்ச் சுவர் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 18-ல் இருபது அடி, சுவர் சரிபாதி. 12-ல் முப்பது அடி! சுவர் படத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, மிச்ச இடத்தை எல்லாம் தரையும் சீலிங்கும் பக்கச் சுவர்களும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுவர் சின்னதாகத் தெரிந்தால் 'தள்ளி இருக்கிறது' என்றுதான் நம் கண் எடுத்துக்கொள்ளும். பத்தடி ரூம் ஹால் ஆவது இப்படித்தான்.

அப்படியானால் எவ்வளவு வைடு போதும்? இதற்கு ரூமே பதில் சொல்கிறது. ரூமின் மூலை 90 டிகிரி. ஃபுல் ஃப்ரேமில் 18 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் பார்ப்பதும் அதே 90 டிகிரி. ஒரு மூலைக்குள் ஒண்டிக்கொண்டு எதிர் மூலையைப் பார்த்தால் ரூமின் அகலம் முழுக்க வந்துவிடும். அதற்குமேல் வைடாகப் போனால் கூடுதலாகக் கிடைப்பது உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும் வெறும் சுவர், அதுவும் ரப்பர் மாதிரி இழுத்து. டிரைபாட் ஓரடி உள்ளே நிற்கும் என்பதால் பாத்ரூம், சின்ன சமையலறைக்கு 16 வரை போகலாம். ஹாலுக்கு 20, 24 தாராளம்.

கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் போட்டிருக்கும் எண்ணை நிக்கான், சோனி என்றால் 1.5-ஆல், கேனான் என்றால் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேமராவோடு வரும் 18-55 இந்த வேலைக்கு ஏன் பத்தாது என்று இப்போது புரியும். அதன் 18, கேனானில் கிட்டத்தட்ட 29 ஆகிவிடும், பெட்ரூமில் கட்டிலின் பாதிதான் வரும். மருமகன் கேட்ட 8-16-ல் 8 என்பது ஏறக்குறைய 13. என் மடிப்பாக்கம் லென்ஸுக்குத் தம்பி! போதாததற்கு அதன் முன் கண்ணாடி குமிழ் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஃபில்டர் மாட்ட முடியாது, கதவு நிலையில் இடித்தால் கீறல் நேராகக் கண்ணாடியில்தான். கேனானின் 10-18 லென்ஸையே வாங்கச் சொன்னேன். 240 கிராம்தான் எடை. 16-லிருந்து 29 வரை வேலை செய்த மாதிரி ஆயிற்று. நிக்கான்காரர்களுக்கு 10-20 இருக்கிறது. ஆனால் அது ஏ.எஃப்.-பி வகை, சில பழைய நிக்கான் பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பில் போடுவதற்கு முன் உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடையில் "எஃப் 2.8 எடுத்துக்கோங்க சார், இருட்டுல சூப்பரா வரும்" என்பார்கள். கல்யாண வீட்டுக்குச் சரி. காலி வீடு எங்கே ஓடப்போகிறது? டிரைபாடில் வைத்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, அரை வினாடியோ ஒரு வினாடியோ திறந்து வைத்தால் ஆயிற்று. மிச்சப்படும் காசில் நல்ல டிரைபாடாக வாங்குங்கள். லென்ஸைச் சோதிக்கவும் கடையே போதும். ஷட்டர் சட்டத்தையோ அலமாரி விளிம்பையோ படத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி வைத்து ஒன்று எடுங்கள். நேர்க்கோடு வில்லாக வளைந்தால் யோசியுங்கள். கொஞ்சம் வளைவை எடிட்டிங்கில் நிமிர்த்திவிடலாம். ஃபிஷ் ஐ என்றால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீடு உருண்டையாகிவிடும்.

எந்த லென்ஸ் ஆனாலும் கேமரா மார்பு உயரத்தில், குனியாமல் நிமிராமல் நேராக நிற்க வேண்டும். லேசாகக் கீழே சாய்த்தாலும் சுவர்கள் சரிந்து விழுவது போல வரும். ஃபேன், ரவுண்டு டேபிள் எதுவும் படத்தின் ஓரத்துக்கு வரக்கூடாது. வட்டம் முட்டையாகும், ஃபேன் றெக்கை ஏரோபிளேன் இறக்கை ஆகும். ஒருமுறை ஓரத்தில் மாட்டிய ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு வந்து, "டபுள் டோர் ஃபிரிட்ஜும் வீட்டோட வருமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

'எங்க வீட்டை வாடகைக்கு விடணும், என்கிட்ட போன்தான் இருக்கு' என்பவர்களுக்கும் இதே கதைதான். பல போன்களில் 0.5 என்று இருப்பது 13 மி.மீ. லென்ஸுக்குச் சமம். தொட்டவுடன் ரூம் பங்களா ஆகும். சாதாரண 1எக்ஸ் பெரும்பாலும் 24-லிருந்து 26-க்குள். முதலில் அதிலேயே, கதவுக்கு வெளியே ஓரடி பின்வாங்கி நின்று எடுத்துப் பாருங்கள். முடியவே முடியாத பாத்ரூமுக்கு மட்டும் 0.5. படத்துக்குக் கீழே ரூமின் நீள அகலத்தை அடியில் எழுதிவிடுங்கள். வீண் அலைச்சல் இரண்டு பக்கமும் குறையும்.

வீடு தேடுகிறவர்களுக்கு அந்தத் திருநெல்வேலி அம்மாவின் வழிதான். டைல்ஸை எண்ணுங்கள். இப்போதைய ஃப்ளாட்களில் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ்தான் போடுகிறார்கள். ஐந்து டைல்ஸ் என்றால் பத்தடி. லென்ஸ் டைல்ஸை இழுக்கலாம், எண்ணிக்கையை மாற்ற முடியாது. பில்டரிடம் புது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்திலோ மாடல் ஃப்ளாட்டிலோ பொய்யான தகவலைக் காட்டி, அதை நம்பிப் பணம் கட்டியவர் விலக நினைத்தால் வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வாடகை வீட்டுக்கும், பழைய வீடு கைமாறுவதற்கும் இது பொருந்தாது, அங்கே டைல்ஸ்தான் துணை.

மருமகன் 10-18 வாங்கிவிட்டான். ஜூம் வளையத்தில் 12-க்கு நேராக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறானாம், அதற்குக் கீழே திருப்புவதில்லை என்று. நேற்று மறுபடி போன். "மாமா, 'இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுப்பா'ன்னு புரோக்கர் படுத்துறாரு. என்ன சொல்றது?" 'ரூம் சைஸ் படத்திலேயே எழுதிருக்கேன் சார்னு சொல்லு' என்றேன். ஒரு புரோக்கர் ஒத்துக்கொண்டாராம். இன்னொருவர் இரண்டு நாளாகக் கூப்பிடவில்லையாம்.

ரூம் சரியாக வந்தும் ஜன்னல் மட்டும் வெள்ளை வெளேரென்று வெடித்துப்போகிறதே, அதற்கு என்ன வழி? அடுத்த வாரம் பார்க்கலாம்.