பாப்பாத்தியம்மாள் கட்டிய கோயில்

பிள்ளைகளுக்கு லீவு விட்டால் திருநெல்வேலிக்குப் போய், நெல்லையப்பரைத் தரிசித்து, அல்வாவும் வாங்கிக்கொண்டு திரும்புவது எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். அடுத்த தடவை ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு பெண்மணி கட்டிய பழைய சர்ச் அங்கே இருக்கிறது.

அவர் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, 'கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறீர்களே' என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மறுத்துவிட்டாராம். அதிகாரி காலமான பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். க்ளோரிந்தா என்று பெயரானது. ஊர் என்ன பேசுமோ என்று அந்த அம்மாள் மூலையில் முடங்கிவிடவில்லை. 1780-ல் சுமார் 40 பேர் கொண்ட சபை உருவானது. 1785-ல் இந்தக் கோயில் எழும்பியது. தண்ணீருக்குக் கிணறும் வெட்டி வைத்தார். ஜனங்களுக்கு அது 'பாப்பாத்தியம்மாள் கிணறு'.

முருகன்குறிச்சியில் உள்ள தூய திரித்துவப் பேராலயத்தையும் பாருங்கள். 1826-ல் ரேனியஸ் பாதிரியார் கட்டியது. கோபுரம் ஊசி மாதிரி இருப்பதால் 'ஊசிக்கோபுரம்' என்றால்தான் தெரியும். அது தூரத்திலேயே கண்ணில் படும். க்ளோரிந்தா கோயில் சின்னது, விசாரித்துத்தான் போக வேண்டும்.

ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். சுற்றிப் பார்ப்பதற்கு வேறு நாள் நல்லது. கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வரும் பெண் குழந்தைகளிடம், கட்டினது யார் என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.