கைப்பந்தில் மரக்காலை மாற்றியவர் யார்?

"ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டியது. ஆகவே விதியை மாற்றினோம். ஆட்டம் பிழைத்தது!"

சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனத்தின் பெரியவர்கள் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக இந்தப் பல்லவியைத்தான் பாடி வருகிறார்கள். அதற்கு ஒத்து ஊதுகிறவர்களும் குறைவில்லை.

யாருக்குச் சலிப்புத் தட்டியது? யாருக்கு நேரம் போதவில்லை? மிச்சம் பிடித்த நேரம் யாருடைய பெட்டிக்குள் போயிற்று? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால் மட்டும் பெரியவர்களின் வாய் அடைத்துப் போகிறது.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஷிப்டு முடிந்து வந்து மில் மைதானத்தில் ஆடுகிறவர்கள் நாம். அறுவடை முடிந்த வயலில் இரண்டு மூங்கிலை நட்டு, வலை கிடைக்காவிட்டால் கயிற்றைக் கட்டியாவது ஆடுகிறவர்கள் நாம். ஸ்விட்சர்லாந்தில் லாஸான் நகரத்து ஆபீசில் எழுதுகிற விதி, கடைசியில் நம்முடைய மூங்கில் கம்பத்துக்கும் வந்து சேருகிறது. "செட்டுக்குப் பதினைந்து புள்ளி" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், "இருபத்தைந்து அல்லவா தாத்தா?" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். பையன்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே மரக்கால் மாறிவிட்டது.

பழைய அளவு, புதிய அளவு

பழைய அளவு எது? சர்வீஸ் போடுகிற கட்சிக்கு மட்டுமே புள்ளி. எதிர்க்கட்சி பந்தை ஜெயித்தால் அதற்குக் கிடைப்பது சர்வீஸ்தான், புள்ளி அல்ல. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் 15 எடுத்தவர்களுக்கே செட். 1917ல் 21 என்ற கணக்கு 15 ஆக மாறியதிலிருந்து ஏறக்குறைய எண்பது வருஷம் உலகம் முழுவதும் இந்த முறையில்தான் ஆடியது.

இதில் ஒரு நியாயம் இருந்தது. ஆடிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். டென்னிஸில் சர்வீஸ் போடுகிறவனுக்கு அனுகூலம். கைப்பந்தில் அப்படி இல்லை. பந்தை வாங்கி, தூக்கிக் கொடுத்து, முதல் அடி அடிக்கிற வாய்ப்பு எதிர்க்கட்சிக்கே போகிறது. ஆகவே புள்ளி வேண்டுமென்றால் எதிராளியின் முதல் அடியைத் தாங்கியாக வேண்டும். வலையில் மறிக்க வேண்டும். தரையில் விழுந்து எடுக்க வேண்டும். பிறகு திருப்பி அடிக்க வேண்டும். அடியைத் தாங்கி எழுந்தவனுக்குத்தான் கூலி!

பின்தங்கியவனுக்கும் அதில் பாதுகாப்பு இருந்தது. 14-5 என்று பின்தங்கி நிற்கிறீர்கள். எதிர்க்கட்சிக்கு இன்னும் ஒரே புள்ளிதான் பாக்கி. ஆனாலும் அவர்கள் சர்வீஸ் போடும்போதெல்லாம் பந்தை ஜெயித்துச் சர்வீஸைப் பறித்துக்கொண்டே இருந்தால், அவர்களால் ஆட்டத்தை முடிக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஏறி வரலாம். ஏறி வந்தவர்களும் உண்டு.

1976ல் மான்ட்ரீல் ஒலிம்பிக் ஆண்கள் இறுதி ஆட்டம். போலந்தும் சோவியத் யூனியனும். அரை இறுதியிலேயே ஜப்பானோடு ஐந்து செட் ஆடிக் களைத்து வந்தவர்கள் போலந்துக்காரர்கள். இறுதியிலும் 11-15, 15-13, 12-15 என்று பின்தங்கி நின்றார்கள். நாலாவது செட்டை விட்டால் எல்லாம் போயிற்று. அந்தச் செட் 15ல் முடியவில்லை, 16ல் முடியவில்லை, 19-17ல் போலந்தின் பக்கம் முடிந்தது. ஐந்தாவது செட்டை 15-7 என்று எடுத்துத் தங்கப் பதக்கத்தோடு வீடு திரும்பினார்கள். பிற்காலத்தில், 1988ல், முதல் நாலு செட்டுகளுக்கு 17 என்று எல்லை கட்டினார்கள். அதன்பின் 17-16 என்றாலே செட் முடிந்தது. மான்ட்ரீலில் கண்ட 19-17 அதன் பிறகு விதிப்படியே முடியாத காரியம்!

புதிய அளவு எது? சர்வீஸ் யார் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. 1988ல் ஐந்தாவது செட்டுக்கு மட்டும் இதை நுழைத்தார்கள். 1998ல் டோக்கியோ மாநாட்டில் எல்லாச் செட்டுகளுக்கும் விரித்தார்கள். நாலு செட்டுக்கு 25, ஐந்தாவதுக்கு 15. இப்போது உங்கள் சர்வீஸ் வலையில் விழுந்தால் எதிரிக்கு ஒரு புள்ளி தானம். 24-15 என்று பின்தங்கியவன் இனி ஒரு பந்தில்கூடத் தவறக்கூடாது. தங்கள் முறை வரும்போது ஒழுங்காக முதல் அடியை அடித்துக்கொண்டு, எங்கேயோ இரண்டு தடவை எதிராளியின் அடியை மடக்கினால் போதும், செட் கையில். தாங்கி எழுந்தவனுக்கும், வந்ததை அடித்தவனுக்கும் ஒரே கூலி.

பழைய முறையில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. சர்வீஸ் அங்கும் இங்கும் மாறி மாறிப் போக, பலகையில் எண் நகராமல் நின்ற ஆட்டங்களை நாமும் பார்த்திருக்கிறோம், கொட்டாவியும் விட்டிருக்கிறோம். ஆனால் புதிய முறையில் மட்டும் என்ன? பெரிய ஆட்டங்களில் இன்று சர்வீஸ் போடுகிறவர்கள் தாவி, முழு பலத்தோடு ஓங்கி அடிக்கிறார்கள். மெதுவாகப் போட்டால் எதிராளி எப்படியும் அடித்துப் புள்ளி எடுத்துவிடுவான் என்ற கணக்கு. விளைவு? ஒன்று வெளியே, இன்னொன்று வலையில். பந்து வலையைத் தாண்டாமலே பலகையில் எண் ஏறுகிறது. இதுதான் சலிப்புக்கு மருந்தாம்!

மில் பெண்கள் சொல்லும் சாட்சி

"பழைய விதியில் ஆட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், டெலிவிஷன் இல்லாவிட்டால் கைப்பந்து செத்துவிடும்" என்பது அவர்களுடைய பெரிய வாதம். நல்லது. டெலிவிஷனையே சாட்சிக்குக் கூப்பிடுவோம்.

1964 அக்டோபர் 23. டோக்கியோ ஒலிம்பிக். கைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் வருஷம். பெண்கள் இறுதி ஆட்டத்தில் ஜப்பானும் சோவியத் யூனியனும் மோதின. ஜப்பான் அணியில் ஆடியவர்கள் யார்? சீமான் வீட்டுப் பெண்களா? இல்லை. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரே பஞ்சாலையின் பெண்கள். ஒஸாகாவுக்குப் பக்கத்தில் கைசூகா என்ற ஊரில் இருந்த நிச்சிபோ நூற்பாலைச் சிப்பந்திகள். பகலில் மில் ஆபீஸ் வேலை. வேலை முடிந்ததும் பயிற்சி. அது நள்ளிரவு வரை நீளும். பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சுவை ஜப்பானியப் பத்திரிகைகள் "பேய் டைமாட்சு" என்றே எழுதின. பந்துக்குப் பாய்ந்து, தரையில் உருண்டு, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் வித்தையை அவரிடம் கற்றார்கள். உடம்பெல்லாம் சிராய்ப்பு. (கம்பெனிக்கோ இது அற்புதமான விளம்பரம். அந்தப் பெண்களின் தூக்கத்தில் கம்பெனி லாபம் பார்த்ததையும் நாம் மறக்கவில்லை.)

1962ல் மாஸ்கோவில் உலகப் பட்டத்தை வென்று வந்தவர்கள், டோக்கியோவில் 15-11, 15-8, 15-13 என்று ஜெயித்தார்கள். கடைசிச் செட்டில் தங்கத்துக்கு ஒரே புள்ளி பாக்கி இருக்கும்போது சோவியத் பெண்கள் விடவில்லை. பந்தைப் பறித்தார்கள், சர்வீஸ் மாறியது, மறுபடியும் பறித்தார்கள். "தங்கப் பதக்கப் புள்ளி" என்று வர்ணனையாளர் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தோற்றவர்களும் தலை நிமிர்ந்து போன ஆட்டம் அது.

அன்று டோக்கியோ வட்டாரத்தில் டெலிவிஷன் உள்ள வீடுகளில் 66.8 சதவீதம் இந்த ஆட்டத்தைப் பார்த்தன. ஜப்பானிய டெலிவிஷன் சரித்திரத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் எண் அது. எந்த விதியில்? பதினைந்து புள்ளி, சர்வீஸ் போட்டவருக்கே புள்ளி என்ற பழைய விதியில்! மூன்று வீட்டில் இரண்டு வீடு கண் கொட்டாமல் பார்த்த ஆட்டம் சலிப்பூட்டும் ஆட்டமா?

மிச்சமான நேரம் எங்கே?

அப்படியானால் மாற்றியது எதற்காக? 1984ல் மெக்சிகோ தேசத்து ரூபென் அகோஸ்டா சம்மேளனத் தலைவரானார். 2008 வரை அவர் ராஜ்யம். ஆட்டத்தை டெலிவிஷனுக்கு ஏற்றபடி தைக்க வேண்டும் என்பது அந்த ராஜ்யத்தின் கொள்கை. அதை யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை. ஜனங்களுக்கு ஆட்டம் நீளமாக இருந்ததல்ல சங்கதி. எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டத்தை நிமிஷக் கணக்கில் விற்க முடியவில்லை. அதுதான் சங்கதி!

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? ஆட்டம் நீளம் என்று அழுதவர்களே, 25 புள்ளி முறை வந்த பிறகு உலகப் போட்டிகளில் பல வருஷங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் நாலு செட்டுகளிலும் முன்னணியில் உள்ள அணி 8 புள்ளியைத் தொட்டதும் 60 விநாடி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 16ஐத் தொட்டதும் இன்னொரு 60 விநாடி. பயிற்சியாளர் கேட்கவில்லை, ஆட்டக்காரர் கேட்கவில்லை, நடுவர் கேட்கவில்லை. தானாகவே நிற்கும். நாலு செட் ஆட்டத்தில் எட்டு நிமிஷம். பந்துக்கு நேரம் இல்லை. விளம்பரத்துக்கு நேரம் உண்டு.

மில் தொழிலாளிக்கு இது புதுக்கதை அல்ல. புது மிஷின் வந்தது, நூல் வேகமாக ஓடியது. நேரம் மிச்சம் என்றார்கள். வேலை நேரத்தைக் குறைத்தார்களா? இரண்டு சைடு பார்த்தவரை நாலு சைடு பார்க்கச் சொன்னார்கள். கைப்பந்திலும் அதே வேலைப்பளுதான். 2018ல் நேஷன்ஸ் லீக் என்று புதிய போட்டி வந்தது. பதினாறு அணிகள். வாரத்துக்கு மூன்று ஆட்டம் வீதம் ஐந்து வாரத்தில் ஒவ்வொரு அணிக்கும் 15 ஆட்டம், அதுவும் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து. 2022ல்தான் அதை மூன்று வாரம், 12 ஆட்டம் என்று குறைத்தார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடந்துவந்த உலகச் சாம்பியன் போட்டியை 2025 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆக்கிவிட்டார்கள். ஆட்டத்தின் நிமிஷத்தைக் குறைத்தார்கள், ஆட்டங்களைப் பெருக்கினார்கள். முழங்காலுக்கு ஓய்வு எங்கே?

லாபத்தில் பங்காளியும் வந்து சேர்ந்தான். சம்மேளனத்தின் வியாபாரக் கிளையில் சி.வி.சி. என்ற தனியார் மூலதன நிறுவனம் 2021ல் 10 கோடி டாலர் போட்டுப் பங்கு வாங்கியது. பணம் போட்டவன் தர்மத்துக்கா போட்டான்?

நல்லதும் உண்டு

விதி மாற்றமே கூடாது என்பது நம் கட்சி அல்ல. 1895ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற காகித ஆலை ஊரில், நடுத்தர வயது வியாபாரிகள் நோகாமல் வேர்வை சிந்துவதற்காக வில்லியம் மார்கன் கண்டுபிடித்த ஆட்டம் இது. அப்படியே இருந்திருந்தால் நம்மிடம் வந்தே இருக்காது! பந்தைத் தூக்கிக் கொடுத்து ஓங்கி அடிக்கிற முறையைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் 1916 வாக்கில் உண்டாக்கினார்கள். தடுப்பில் பட்ட பந்தை மூன்று தொடுதலில் ஒன்றாக எண்ணவேண்டாம் என்று 1976ல் முடிவு செய்தார்கள். அதனால் தாங்குகிறவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பிற்பாடு காலாலும் பந்தை எடுக்கலாம் என்றார்கள். இவையெல்லாம் ஆடுகளத்தின் தேவையிலிருந்து பிறந்தவை. வரவேற்கிறோம்.

1998ல் வந்த லிபரோவையும் வரவேற்கிறோம். வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் நின்று, விழுந்து விழுந்து பந்தெடுக்கிற ஆட்டக்காரர். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் வலை. அதன் முன்னே மரம் போன்றவர்கள் மட்டுமே நிற்க முடியும் என்று ஆகிவந்த காலத்தில், குட்டையானவர்களுக்கும் இதனால் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் நாள் முழுவதும் தரையில் புரளுகிற இந்த ஆள் அணிக்குத் தலைவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதற்கு 2021ஆம் வருஷத்து விதிப்புத்தகம் வரவேண்டியிருந்தது. இருபத்து மூன்று வருஷம்!

மணல் கைப்பந்தில் நடந்ததோ வெட்கக்கேடு. பெண்களின் நீச்சலுடை இடுப்பின் பக்கத்தில் 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பு, 2012ல்தான் அரைக்கால் சட்டையும் கை வைத்த மேல்சட்டையும் போட அனுமதி கிடைத்தது. அந்த 7 சென்டிமீட்டரால் பந்து வேகமாகப் பறந்ததா? சர்வீஸ் நேராகப் போயிற்றா? யாருடைய கண்ணுக்காக எழுதிய விதி அது?

மரக்கால் மேல் அவர்களுக்கு இன்னும் ஆசை தீரவில்லை. 2017ல் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், செட்டுக்கு 15 புள்ளி, மொத்தம் ஏழு செட் என்று பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். பதினைந்து என்றதும் பழைய அளவு திரும்பிவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற புதுக்கணக்கில்தான் அந்தப் பதினைந்து. ஏழு செட் என்றால் இடையில் ஆறு இடைவெளி. அந்த இடைவெளியில் விற்கப்படுவது என்ன என்பதை மில் வாசலில் நிற்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த முறையை அவர்கள் இன்னும் சட்டமாக்கவில்லை. அடுத்த தடவை மாநாடு கூடி இந்த மாதிரி ஒன்றை எடுப்பதற்கு முன்னால், தரையில் விழுந்து பந்தெடுக்கிறவர்களின் ஓட்டை முதலில் எண்ணட்டும். சங்கப் பிரதிநிதிகளின் ஓட்டைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.