எட்டு கோர் இருந்தும் ஏன் காத்திருக்கிறோம்?

ஆர்டுயினோ பலகையில் ரோபோ செய்து பார்த்த மாணவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பதிவேற்றும் பொத்தானை முதன்முறை அழுத்தும்போது நிறைய நேரம் பிடிக்கும். ஒரு வரியை மாற்றிவிட்டு மீண்டும் அழுத்தினால் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குள் கணினியின் வேகம் கூடிவிடவில்லை. மாறாத பகுதிகளை அது மறுபடி தொகுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதுதான் தொகுத்தல். அதைச் செய்யும் மென்பொருள் கம்பைலர். பைத்தான் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அதிகம் தெரியாது. சி, சி++ பக்கம் வந்தால் தெரியும். அப்போது பலர் சொல்லும் தீர்வு, "அதிக கோர் உள்ள கணினியை வாங்கு" என்பதே. எனக்கு இதில் உடன்பாடில்லை. பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை உருவாக்கினார். காரணம் வேடிக்கையானது. அவருடைய சக ஊழியர் ஒருவர் காலைப்பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைத் தொகுக்கத்தான் மறந்துவிட்டார்! எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்தால், எது மாறியிருக்கிறதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மேக் மீண்டும் தொகுக்கும்.

அதே பட்டியல் இன்னொன்றுக்கும் உதவுகிறது. ஒன்றையொன்று சாராத கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கலாம் அல்லவா? மேக் கட்டளையுடன் 'ஜே' என்ற குறியையும் 8 என்ற எண்ணையும் சேர்த்தால், எட்டு வேலைகள் வரை ஒரே நேரத்தில் நடக்கும்.

அப்படியானால் வேகம் எட்டு மடங்காகுமா? ஆகாது. தீபாவளிக்கு முறுக்கு சுடுவதை எண்ணிப் பாருங்கள். நான்கு அடுப்பு இருந்தால் நான்கு வாணலியில் சுடலாம். ஆனால் மாவு பிசைந்து முடியும்வரை நான்கு அடுப்பும் சும்மாதான் இருக்கும். ஒரு நிரலைத் தொகுக்க 100 நொடி ஆகிறது என்று வையுங்கள். அதில் 80 நொடி வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாக இணைப்பது போன்ற 20 நொடி வேலையைப் பிரிக்க முடியாது. எட்டு கோர் என்றால் 10 நொடியும் 20 நொடியும் சேர்ந்து 30 நொடி. எண்பது கோர் போட்டாலும் 21 நொடி. ஆயிரம் போட்டாலும் 20க்குக் கீழே இறங்காது. ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967இல் முன்வைத்த வாதம் இது. அவர் பெயராலேயே அம்டால் விதி என்கிறோம்.

இன்னொரு சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டியலில் ஒரு சார்பை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு கோப்பு இன்னொரு கோப்பை உருவாக்குகிறது, மூன்றாவது கோப்பு அதைப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். வரிசையாக ஒவ்வொன்றாகச் செய்யும்போது, பட்டியலில் எழுதிய வரிசையின் தயவால் எல்லாம் சரியாக நடக்கும். தவறு வெளியே தெரியாது. எட்டு வேலைகளை ஒன்றாக ஓட்டினால், மாவு பிசைவதற்குள் ஒருவர் பிழியத் தொடங்கிவிடுவார். இன்று சரியாக வரும், நாளை பிழை காட்டும். அதைவிட மோசம், பழைய கோப்பு அங்கேயே கிடந்தால் பிழையே காட்டாமல் தவறான நிரல் உருவாகிவிடும். பலர் இந்த நிலையில் 'ஜே' குறியைக் குறை சொல்லி எடுத்துவிடுகிறார்கள். குறை குறியில் இல்லை. அது நம் பட்டியலில் ஒளிந்திருந்த பொய்யைக் காட்டிக்கொடுத்தது.

பள்ளிக் கணினிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். எண் கொடுக்காமல் 'ஜே' என்று மட்டும் போட்டால், குனூ மேக் எத்தனை வேலைகளை வேண்டுமானாலும் ஒன்றாகத் தொடங்கும். ஒவ்வொன்றும் நினைவகத்தைக் கேட்கும். குறைந்த நினைவகம் கொண்ட மடிக்கணினி திணறி நின்றுவிடும். கோர்களின் எண்ணிக்கையையே முதலில் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் குழுத் திட்டத்தை 1, 2, 4, 8 என்று எண்ணை மாற்றித் தொகுத்து, ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தை வரைபடமாக வரையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் முன் பழைய வெளியீடுகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் மேக் எதையும் தொகுக்காது. கோடு எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள். பிறகு, 2022இல் வெளிவந்த குனூ மேக் 4.4இல் 'ஷஃபிள்' என்ற வசதி இருக்கிறது. வேலைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போடும். அதிலும் உங்கள் திட்டம் பிழையில்லாமல் தொகுக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, புதுக் கணினி வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள்.